பார்டர் போட்ட கையேடு

நாகர்கோவிலில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் செய்து விற்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதுவது என் வேலை. எங்கள் மேலாளர் துபாயில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே அவர் பார்த்த கையேடுகளெல்லாம் தலையணை கனம் இருந்தனவாம். படித்தீர்களா என்று நான் கேட்கவில்லை. கனத்தைப் பற்றி அவர் பேசிய விதத்திலேயே பதில் இருந்தது.

நான் எழுதிக் கொடுத்தது மெலிசானது. கடை திறந்ததும் செய்ய வேண்டியது முதலில், பில் போடுவது அடுத்து, தப்பாகப் போட்ட பில்லை ரத்து செய்வது அதற்கடுத்து. தலைப்பு எது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும்படி முறையாக ஸ்டைல் கொடுத்திருந்தேன். பக்கம் கூடினாலும் குறைந்தாலும் பொருளடக்கத்தில் எண்கள் தாமாகவே அதற்கேற்ப மாறிவிடும்.

"இது என்ன மக்கா, கல்யாண நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஃபைலைத் தன் அறைக்குக் கொண்டுபோனார்.

அப்புறம் சில நாட்கள் அவருக்கு வேறு வேலையே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் நீல பார்டர் வந்தது. தலைப்புகளுக்கு ழ எது, மு எது என்று தெரியாத பூப்போட்ட எழுத்து. தலைப்பை அடுத்த பக்கத்துக்குத் தள்ள என்டரைத் தட்டிக்கொண்டே இருந்தார். பொருளடக்கத்தை அழித்துவிட்டு அதையும் தானே தட்டச்சு செய்தார். கடைசியாக, கோட்டு போட்ட தன் முழுப் பக்கப் புகைப்படத்தை நடுவில் சொருகினார். புத்தகத்தைப் பிரித்ததும் கண்ணில் படுமாம்.

பக்க எண்கள் தப்பாகப் போகும் என்று சொன்னேன்.

"பக்க நம்பரை எல்லாம் யாரு மக்கா பாப்பா? கையில எடுத்தா கம்பெனி தெரியணும்" என்றார். அச்சுக்குப் போயிற்று.

மார்த்தாண்டத்தில் பாத்திரக்கடை நடத்தும் ஒரு அக்கா பார்த்தார். பண்டிகை நெரிசலில் ஒருவருடைய பில்லை இன்னொருவர் பெயரில் போட்டுவிட்டு, இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தார். மேலாளர் பக்கத்தில் நின்றதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மக்களே, பில்லு கேன்சல் பண்ண இருபத்தாறாம் பக்கம்னு போட்டிருக்கு. அங்க கோட்டு போட்ட ஒரு ஆளு சிரிச்சிட்டு நிக்காரு. நான் இவருகிட்டயா கேக்கணும்?"

மேலாளர் காலரைச் சரிசெய்துகொண்டு, அச்சகத்துக்காரன் தப்பு என்றார். நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, அக்காவுக்கு வழி சொன்னேன். உடனே முடிந்தது.

அதற்கும் அவர் அடங்கவில்லை. சரியான எண்களைச் சின்னச் சீட்டில் அடித்து எல்லாப் புத்தகத்திலும் பொருளடக்கத்தின் ஓரத்தில் ஒட்டச் சொன்னார். ஒட்டினோம். சீட்டு பார்டரை மறைக்கிறது என்று கொஞ்சம் உள்ளே தள்ளி ஒட்ட வைத்தார். இப்போது 'ரத்து' என்ற வரியே சீட்டுக்கு அடியில் போய்விட்டது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் இராஜாக்கமங்கலத்திலிருந்தும் போன் வர ஆரம்பித்தது. என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு நேராக அவரையே கூப்பிட்டார்கள். தன் போன் எண்ணையும் புகைப்படத்துக்குக் கீழே அவர்தான் அச்சடித்திருந்தார்.

ஒரு வாரம் தாங்கினார். பிறகு என் மேசைக்கு வந்து, முகத்தைப் பார்க்காமல், "ஒனக்க பழைய ஃபைல் கெடந்தா எடு" என்றார்.

ஒரு எழுத்தையும் மாற்றாமல் எடுத்துக் கொடுத்தேன். இன்று கடைகளில் இருப்பது அதுதான். அலுவலகத்துக்கு வருகிறவர்களிடம் அதைக் கையில் எடுத்துக் காட்டி, கையேடு என்றால் மெலிசாக இருக்க வேண்டும் என்பது தன்னுடைய கொள்கை என்கிறார். நான் திருத்துவதில்லை. அந்த ஆளோடு பேசி வீணாக்க என்னிடம் நேரம் இல்லை.