தாழம்புதரின் மறுபக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில் இன்று பூக்காரி கூடையைத் திறந்ததும் எழுந்த தாழம்பூ மணம், என்னைச் செண்பகத்தோப்பு ஓடைக்கரையின் ஈரமண்ணில் ஆறு வயதுச் சிறுமியாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

அந்த ஐப்பசியில் மலைவெள்ளம் கரையையும் அதில் நின்ற மரங்களையும் வாரிக்கொண்டு போயிருந்தது. கடற்கரையிலிருந்து தாழங்கன்றுகளை வண்டியில் கொண்டுவந்து இறக்கிய காட்டிலாகாக் காவலர், ஊரே சேர்ந்து நட்டால் இனிக் கரை உடையாது என்றார்.

“சர்க்காரு சும்மா குடுக்கானா? தாழைக்குள்ள பாம்பு அடையும். நம்மள வெறகுக்குப் போகவிடாம பண்ணத்தான் இம்புட்டும்” என்றாள் என் அத்தை.

கரை வேண்டுமே என்று நட்டார்கள். தினமும் ஊர்ப் பெண்கள் கம்பால் தரையைத் தட்டித் தட்டி, வளையல் குலுங்க எட்ட நின்றே தண்ணீர் ஊற்றுவார்கள். அத்தை, மேற்பார்க்க வந்து நிற்கும் காவலரைக் காட்டி என் காதில், “ஏட்டி, அவன் பூட்ஸக் கழட்டுதானான்னு பாரு” என்பாள். அவர் கழற்றவேயில்லை. “பாத்தியா, பாம்பு உண்டுன்னு அவனுக்குத் தெரியும்!”

பாம்பு ஒன்றுகூட வரவில்லை. அடுத்தடுத்த வெள்ளங்களுக்குக் கரையும் நின்றது. ஆள் உயரத்துக்கு வளர்ந்த தாழை, முள்மடல்களைக் கோத்துக்கொண்டு காட்டுக்குப் போகும் எங்கள் விறகுப் பாதையை அடைத்துவிட்டது. மிச்சமிருந்த ஒரே இடைவெளியில் அந்தக் காவலர் வழிமறித்து நின்றார்.

அத்தை கம்பைக் கீழே போட்டாள்.

“பாம்பத் தேடிக்கிட்டே வேலிக்குத் தண்ணி ஊத்தியிருக்கோம்ட்டி.”