சாலமோன் வாங்கிய கையெழுத்துகள்

காக்களூர் தொழிற்பேட்டையில் வெல்டராக இருக்கும் சாலமோன், பதினெட்டு வருஷமாக மணவாள நகர்ப் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்தவர். ஒருத்தரிடமும் சல்லிக்காசு வாங்கியதில்லை. அந்தப் பெருமைதான் அவர் கண்ணை மறைத்தது.

அந்தப் பிள்ளைகளின் கிளப்பைப் பதிவு செய்யத் தலைவர் என்று ஒரு பெயர் வேண்டியிருந்தது. வசதியான ஆள் என்று திருநின்றவூர் சுப்பராயனைப் பிடித்தார். மனை விற்கிறவர். இரண்டு செட் ஜெர்சி வாங்கித் தந்தார். பிள்ளைகளின் முதுகில் தன் மனைப்பிரிவுக்கு விளம்பரமும் போட்டுக்கொண்டார். கிளப் அன்றைக்கே கை மாறிவிட்டது, சாலமோனுக்குத்தான் தெரியவில்லை.

சாலமோனிடம் ஒரு பழக்கம். பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லாரும் ஷிப்டு வேலைக்காரர்கள். கும்மிடிப்பூண்டிக்குக் கம்பெனி பஸ் ஏறிவிட்டால் அவர்களைப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு போட்டிக்கும் சம்மதக் கையெழுத்துக்கு அலைய மாட்டாமல், ஜூன் மாதமே ஆளுக்கு நாலு வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி ஃபைலில் போட்டுவிடுவார். அண்ணன் நீட்டினால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

போன வருஷம் சுப்பராயன் கிளப்பை அகாடமி ஆக்கினார். மாதம் மூவாயிரம் கட்டணம். ஃபைல் ஆபீசில் இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார். இவரும் தூக்கிக் கொடுத்தார், புத்திசாலி.

அப்போதுதான் கோல்கீப்பர் ஜெபாவைச் சென்னை கிளப் ஒன்று தேர்ந்தெடுத்தது. தங்க இடம், படிப்பு எல்லாம் அவர்கள் செலவு. பழைய கிளப்பின் விடுவிப்புக் கடிதம் மட்டும் வேண்டும். கேட்கப்போன சாலமோன் முகத்துக்கு நேரே சுப்பராயன் ஒரு தாளை ஆட்டினார். ஐந்து வருஷ ஒப்பந்தம். கீழே ஜெபாவின் அம்மா மேரியின் கையெழுத்து.

“ரெண்டு லட்சம் டப்பு எடுத்தாரச் சொல்லு, அனுப்புறேன். கிளப்பு இன்னா தர்ம சத்திரமா?”

“ஊர அடிச்சி உலைல போடுறியே, நீ நல்லா இருப்பியா?”

“வெத்து ஃபாரத்துல சைன் வாங்குனது நானா, நீயா? போய்க்கினே இரு.”

அந்த அயோக்கியன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் சாலமோனை அதிகம் எரித்தது.

மேரியிடம் போய்ச் சொன்னார். அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

“அந்தாளுக்கா நான் போட்டேன்? உன்ன நம்பித்தானே அண்ணே போட்டேன்! எம் பொண்ண வித்துட்டியே!”

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கால்பந்துச் சங்கத்துக்குப் போனார். எல்லாப் படிவத்திலும் வெறுமையாக இருந்தபோதே கையெழுத்து வாங்கியது தான்தான் என்று தன் கைப்பட எழுதினார்.

“இத குட்த்தா இனிமே நீ கோச்சா இருக்க முடியாதுப்பா” என்றார் செயலாளர்.

“தெரியும் சார். வாங்கிக்கோங்க.”

அதேபோல் நிரப்பி வைத்திருந்த பதினேழு பிள்ளைகளின் ஒப்பந்தமும் ரத்தானது. சாலமோனுக்கு ஆயுள் தடை. சுப்பராயனுக்கு ஒன்றுமில்லை, அகாடமி சார்பில் மேனேஜர்தான் கையெழுத்துப் போட்டிருந்தானாம்.

ஜெபா கிளம்புகிற அன்று சாலமோன் திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் போனார். சென்னை கிளப்பின் ஆள் ஒரு படிவத்தை நீட்டினார். மேரி பேனாவைத் தொடவில்லை. படிவத்தை மகளிடம் கொடுத்து வரி வரியாகப் படிக்கச் சொன்னாள். ரயில் வருகிற நேரம்.

“போடும்மா, எல்லாம் சரியாத்தான் கீது” என்றார் சாலமோன்.

“நீ சொல்லாத அண்ணே” என்றாள் மேரி.