கை வைத்தால் நிற்கும் சத்தம்

நான் ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீசியன். மீட்டர் முள் காட்டாத எதையும் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. யாராவது பேய்க் கதை ஆரம்பித்தால், முதலில் உன் வீட்டு ஃப்யூஸைப் பார் என்று கிண்டல் செய்தவன். அதனால்தான் தேதியோடு சொல்கிறேன். 2003, அக்டோபர் 16, வியாழக்கிழமை. ஆம்பூரில், எங்கள் வாடகை வீட்டில் நடந்தது. ஒரு சொல் கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

என் மனைவி எப்சிக்குக் காது போய்க்கொண்டிருந்தது. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு ஆரம்பித்தது. வலது காது முழுசாகப் போய்விட்டது. இடது காதில் கொஞ்சம் மிச்சம். அதுவும் கிறிஸ்துமஸ் வரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எப்சி அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அக்சாவின் கேசட்டைக் கடைசியாக ஒரு தடவை கேட்க வேண்டுமாம்.

அக்சா எங்கள் ஒரே மகள். இரண்டு வருடம் முன்னால், ஐந்து வயதில் இறந்துவிட்டாள். ஞாயிறு பள்ளியில் அவள் மனப்பாட வசனம் சொன்னதை யாரோ கடைசி வரிசையிலிருந்து பதிவு செய்து கொடுத்திருந்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கும். நல்ல காது உள்ள எனக்கே பாதி புரியாது. அது எப்சிக்குக் கேட்க வேண்டுமென்றால் இரைச்சல் இல்லாத பெரிய ஹை-ஃபை ஆம்ப்ளிஃபையர் வேண்டும். கடைச் சரக்கு எனக்குக் கட்டுப்படியாகாது. நானே செய்ய உட்கார்ந்தேன்.

பெட்டிக்காகக் காயலான் கடை கவுஸ் பாஷாவிடம் போனேன். ஒரு பழைய கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தூக்கிக் கொடுத்தார். கெட்டித் தகரம். காற்றுப் போக வழி, ஃபேனுக்கு இடம், எல்லாம் தயாராக இருந்தது. "வெறும் பொட்டிதான் தோஸ்த், எடுத்துக்கோ" என்றார். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

பதினோரு நாள் வேலை. பவர் சப்ளை இருந்த இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர். மதர்போர்டு இருந்த இடத்தில் ஆம்ப்ளிஃபையர் போர்டு. சிடி செருகுகிற வாயில் வால்யூம் குமிழ். பார்க்க லட்சணமாகவே இருந்தது.

மாலை 6.35. சுவிட்சைப் போட்டேன்.

ம்ம்ம்ம்ம்ம்ம்...

ஹம்மிங். வீட்டில் செய்த ஆம்ப்ளிஃபையருக்குக் கூடப் பிறந்த வியாதி. பெட்டிக்கு எர்த் சரியில்லை என்றால் இப்படித்தான் முனகும். தகரத்தின் மேல் கை வைத்தால் நம் உடம்பே எர்த் ஆகி, சத்தம் அடங்கும். கையை எடுத்தால் திரும்ப வரும். இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நானும் கை வைத்துப் பார்த்தேன். பாதிதான் அடங்கியது.

டேப் ரெக்கார்டரை அதோடு இணைத்து, கேசட்டை ஓடவிட்டேன். எப்சி இடது காதை ஸ்பீக்கரில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வால்யூமை ஏற்ற ஏற்ற ஹம்மிங்கும் ஏறியது.

"வண்டு கத்துறாப்பல இருக்குது. அவ குரல் வர்ல" என்றாள்.

இதைக்கூட உன்னால் செய்ய முடியவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். கொல்லையில் பழைய எர்த் குழாய் ஒன்று இருந்தது. அதில் உப்புத் தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து பெட்டிக்கு ஒயர் இழுக்கலாம். பச்சை ஒயரைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு பக்கெட்டோடு ஓடினேன். கேசட்டை மறுபடி முதலிலிருந்து போடச் சொல்லி எப்சிக்குச் சைகை காட்டிவிட்டுத்தான் போனேன்.

7.04. பாதித் தண்ணீர்தான் ஊற்றியிருப்பேன். உள்ளே ஹம்மிங் நின்றது. சுத்தமாக நின்றது.

அக்சாவின் குரல் கொல்லை வரை தெளிவாக வந்தது. எர்த் பிடித்துவிட்டது என்ற சந்தோஷத்தில் ஓடி வந்தேன். நிலைப்படியில் கால் வைக்கும்போதுதான் உறைத்தது.

ஒயர் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

எப்சி ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். பெட்டி அவளுக்கு ஆறடி தள்ளி, மேஜை மேல் இருந்தது. அதன் பக்கத்தில் யாரும் இல்லை.

ம்ம்ம்ம்... திரும்ப வந்தது.

நின்றது.

யாரோ கையை எடுத்துவிட்டு, மறுபடி வைத்தது போல...

கிட்டே போனேன். ஈரக் கையால் பெட்டியைத் தொட்டு எடுத்தேன். கறுப்பு பெயிண்ட் மேல் என் உள்ளங்கை ஈரமாகப் பதிந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு கை. சின்னது. ஐந்து விரலும் தெரிந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்குப் பயம் வரவில்லை. ஆசைதான் வந்தது. "அக்சா..." என்று கூப்பிட்டேன்.

7.11. டக். கேசட் முடிந்து பட்டன் எகிறியது.

ஸ்பீக்கரில் குரல் நிற்கவில்லை.

"அம்மா..."

எப்சி நிமிர்ந்தாள். "கூப்பிடறா. எனக்கு நல்லா கேக்குது. இன்னாடி கண்ணு, அம்மா இங்கதான் இருக்கேன்."

அக்சாவுக்கு மழலைக் குரல். இது பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் குரல். கத்திக் கத்தித் தொண்டை வறண்ட குரல். எப்சியின் மிச்சக் காதுக்கு அந்த வித்தியாசம் எட்டவில்லை.

எனக்கு எட்டியது.

பிளக்கைப் பிடுங்கினேன்.

பிளக் போனாலும் கண்டன்சரில் மிச்சக் கரண்ட் இருக்கும். மூன்று வினாடி. மிஞ்சினால் ஐந்து.

எண்ணினேன்.

பத்து... இருபது... நாற்பது...

"அம்மா... அம்மா..."

7.19க்குத்தான் அடங்கியது.

அந்த மாதக் கடைசியில் எப்சியின் இடது காதும் போய்விட்டது. இப்போது எதுவானாலும் தாளில் எழுதித்தான் காட்டுகிறேன். ஆனால் தினமும் மாலை ஏழு மணிக்கு அவள் அந்த ஸ்பீக்கரில் காதை வைத்து உட்காருவாள். பிளக்கைச் செருகுவதே இல்லை. எனக்கு ஒன்றும் கேட்காது. அவள் மட்டும் மெதுவாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கவுஸ் பாஷாவைப் பிடித்தேன். பெட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார். அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஒரு வீடு. அந்த வீட்டுப் பெண் ஜாஸ்மின், வயது பதினொன்று. ஒரு சாயங்காலம் அந்தப் பெட்டி மேல் கை வைத்திருக்கிறாள். தகரத்தில் கரண்ட் இறங்கியிருந்திருக்கிறது. கை ஒட்டிக்கொண்டது. அம்மா கொல்லையில் இருந்தாள். தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"கூப்ட்டுக்கினே இருந்திருக்கு பொண்ணு. அந்தம்மா காதுல வுழல" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். இனியும் மறைத்தால் எப்சியை இழந்துவிடுவேன் என்று தோன்றியது. ஜாஸ்மின் என்ற பெயரை எழுதவில்லை. அது அக்சா இல்லை என்று மட்டும் தாளில் எழுதி நீட்டினேன்.

எப்சி படித்தாள். நாலாக மடித்தாள்.

"தெரியும். ஜாஸ்மின். அவ கூப்ட்டப்ப நான்தான் இன்னான்னு கேட்டேனாம்" என்றாள். "அதுக்காவ அக்சாவத் தேடிக் கூட்டினு வர்றேன்னு சொல்லியிருக்கா. பொட்டியத் தொடாதீங்க."