மீனுக்கு ஊற்றிய தண்ணீர்

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் எழில்மதியை ‘மீன்காரி’ என்பார்கள். மீன் விற்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். விலங்கியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தவள்.

அடுத்த குவார்ட்டர்ஸ் என்பதால் அந்த ஆய்வு எனக்கும் பாதி மனப்பாடம். ஜீப்ரா மீனின் கரு கண்ணாடி போல இருக்கும். முட்டையிட்ட மறுநாளே முதுகுத்தண்டிலிருந்து நரம்புகள் கிளம்பித் தசையைத் தேடிப் போவதை நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம். அப்படி அனுப்பிவைப்பதில் கைனேஸ் என்ற ஒரு புரதத்துக்கும் பங்கு உண்டு.

“அதுவா எதையும் கட்டாதுப்பா. மத்த புரதத்துல ஒரு பாஸ்பேட்ட ஒட்டி, வேலைய ஆரம்பின்னு சொல்லும்” என்றாள் ஒருநாள்.

“எங்க ஃபோர்மேன் மாதிரின்னு சொல்லு” என்றார் அவள் அப்பா சக்கரபாணி. மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஓட்டுகிறவர். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். கான்ட்ராக்டில் பல வருஷம் கிடந்து பர்மனென்ட் ஆனவர். மகள் டாக்டர் பட்டம் வாங்குவாள் என்று ஷிப்டு பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அவளுடைய மீன்களில் அந்தக் கைனேஸுக்கான மரபணுவில் ஒரு பிழை இருந்தது. பெரிய மீன்களைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. குஞ்சுகளில் சிலவற்றுக்கு மட்டும் நரம்பு பாதி வழியிலேயே நின்றுவிடும், தொட்டாலும் துள்ளாது. ஏன் நிற்கிறது என்பதுதான் அவள் தேடியது. மீன்களைக் கொடுத்த ஆய்வகம் மூடப்பட்டுவிட்டது. இவை போனால் வேறு இல்லை, ஆய்வும் இல்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் கல்லூரியில் ஓயாத மின்வெட்டு.

“நம்ம டவுன்ஷிப்புல கரண்டு போயி எப்பனா பாத்திருக்கியா? எல்லாத்தையும் இங்க கொண்டாந்து வச்சிக்கினு படி” என்றார் சக்கரபாணி. டிவியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, கூடத்தில் தொட்டிகளுக்கு இடம் செய்தார். எழில்மதி பின்பக்கம் டிரம்களில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, ஒருநாள் திறந்து வைத்துத்தான் தொட்டியில் ஊற்றுவாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கரித்தூள் படியட்டும் என்று நெய்வேலியில் எல்லோரும் அப்படி வைக்கிறதுதான்.

அந்த டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல் அடித்தது. எங்கள் தெருவில் மரங்கள் கம்பிகளோடு சாய்ந்தன. ஒருநாளும் போகாத கரண்டு போனது, வரவே இல்லை. குழாயிலும் தண்ணீர் நின்றுபோனது. தொட்டிக்குக் காற்று ஊதும் குழாய்கள் நின்றுவிட்டதால், காற்று கலக்கட்டும் என்று எழில்மதி தொட்டித் தண்ணீரையே மக்கில் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கையில் மக்கோடு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

அப்போதுதான் தண்ணீர் லாரி வந்தது. வீட்டுக்கு இரண்டு குடம். மருந்து வாசனை மூக்கில் ஏறியது. சுத்தமான தண்ணீர் என்று சக்கரபாணிக்குத் திருப்தி. தொட்டிகளோ கலங்கிக் கிடந்தன. மகளை எழுப்ப மனசு வராமல், கலங்கலை மொண்டு கொட்டிவிட்டு எல்லாத் தொட்டியிலும் அதை ஊற்றினார்.

நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. எழில்மதி குனிந்து தண்ணீரை முகர்ந்துகொண்டிருந்தாள்.

“எந்தத் தண்ணிப்பா இது?”

“லாரித் தண்ணிம்மா. தெளிவா இருந்துது, படிய வைக்க வேணாம்னு அப்படியே ஊத்திட்டேன். நாங்க ஒரு வாய் குடிக்கல, எல்லாம் இதுங்களுக்குத்தான். ஏம்மா, இப்படிக் கெடக்குதுங்க?”

அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது அவருக்கு.

“குளிருப்பா. ஹீட்டர் இல்லல்ல, தாங்கல.”

அடுப்படிக்கு வந்தபிறகுதான் என்னிடம் சொன்னாள். “பிளீச்சிங் பவுடர், அக்கா. அந்த மருந்து போவத்தான் ஒரு நாள் தொறந்து வைக்கிறது. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க.” நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அவளோ வாளியை எடுத்துக்கொண்டு மீன்களை அள்ளப் போனாள்.

ஆய்வு அதோடு நின்றது. இப்போது வடலூரில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். சக்கரபாணி ரிட்டயர் ஆகிவிட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையை எடுத்துவிடுவார்.

“நாக்கு வறண்டு கெடந்தோம். ஒரு சொட்டு நாங்க தொடல, மொத்தத்தையும் மீனுக்கே ஊத்தினேன். அப்படியும் அந்தக் குளிரு கொன்னுபோட்டுது.”

வந்தவர்கள் எழில்மதியைப் பார்ப்பார்கள்.

“ஆமாங்க, குளிருதான்” என்பாள்.