இடது தோளுக்கு ஏற்ற பை

என் மருமகனுக்கு ஐம்பத்தொரு வயது. தீயணைப்பு நிலையத்தில் கயிற்று மீட்புக் குழுவின் தலைவர். கிணற்றில் விழுந்தவரோ, மாடிச் சுவரில் பாதியில் தொங்கும் பெயின்டரோ, கிரேன் மேல் மயங்கிக் கிடக்கும் ஓட்டுநரோ, இருபத்திரண்டு வருடமாகக் கயிற்றில் முதலில் இறங்குகிறவர் இவர்தான். வீட்டில் பேச்சு குறைவு. வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுவார். என் மகள் அவரை 'நம்ம வீட்டு வாடகைக்காரர்' என்பாள். பாதி கேலி, பாதி நிஜம்.

போன மாதம் குழுவின் பைகளெல்லாம் நைந்துபோய்ப் புதிது வாங்க முடிவாயிற்று. மூன்று மாதிரிப் பைகள் வந்தன. எதை வாங்கலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டியவர் இவர். நிலையத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்லி உயிரை எடுக்கிறார்கள் என்று மூன்றையும் வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டார். கூடவே குழுவில் அவருக்கு அடுத்த ஆளான நெட்டையும் வந்தான். நாற்பது வயதுக்காரன், வாய் ஓயாதவன். எங்கள் வாசல் நிலையில் தலை இடிக்காமல் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை.

கூடத்தில் கயிறு, கொக்கிகள், கப்பிகள், இடுப்புப் பட்டை, தலைக்கவசம் எல்லாவற்றையும் கொட்டி ஒவ்வொரு பையாக நிரப்பிப் பார்த்தார்கள். முதல் பையில் பதினொரு பாக்கெட்.

"இதுல ஒரு பொருள வெச்சா அடுத்த வருஷம்தாண்ணே கைக்கு வரும்" என்றான் நெட்டை.

"கையுறையோட எந்த ஜிப்புன்னு தேடறதுக்குள்ள தொங்கறவன் போய்ச் சேர்ந்துடுவான்" என்று மாப்பிள்ளை அதை ஒதுக்கினார்.

இரண்டாவது பையை முதுகில் இரண்டு பட்டையால் மாட்ட வேண்டும். அகல வாய். கீழே வைத்தால் சரியாமல் நிற்கிறது. நனைந்த கயிற்றின் நீர் வடிய அடியில் துளைகள். கயிற்றை இவர்கள் சுருட்டி வைப்பதில்லை. பிடி பிடியாக உள்ளே திணிக்கிறார்கள். அப்போதுதான் சிக்கில்லாமல் வெளியே வருமாம். இந்தப் பையில் அது சோறு அள்ளிப் போடுகிற மாதிரி சுலபமாகப் போயிற்று.

மூன்றாவது நீளப் பை, ஒரு தோளில் மாட்டுவது. தொளதொளவென்று கிடந்தது.

நெட்டை இரண்டாவதை மாட்டிக்கொண்டு கூடத்தைச் சுற்றினான். "இதுதாண்ணே. தேவைப்பட்டா அண்ணியையே உள்ள போட்டுத் தூக்கிட்டுப் போகலாம். முடிஞ்சுது, டீ குடிப்போம்."

"இல்ல. மூணாவதே இருக்கட்டும்" என்றார் மாப்பிள்ளை.

"அண்ணே, ஒத்தப் பட்டையோட ஏணி ஏறினா பை முன்னாடி வந்து வயித்துல இடிக்கும். ஆளையே பேத்து விட்டுடும்."

"இடிச்சா இடிக்கட்டும். எழுதப் போறது நான்."

நெட்டை பையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

முப்பத்து நான்கு வருடம் படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, புரட்டி, உடுத்திவிட்டுச் சம்பாதித்தவள் நான். பிறகு அந்த வேலையைப் பலருக்குச் சொல்லியும் கொடுத்தேன். கை வராதவருக்குச் சட்டை போடும்போது கெட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும் என்பது முதல் நாள் பாடம். நான்கு வாரமாக என் மருமகன் இடது கையைத்தான் முதலில் நுழைக்கிறார். அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. வலி எடுத்திருக்கிறது. அவரே சொல்லட்டும் என்று இருந்தது என் தப்பு.

"மாப்பிள்ளை, அந்த ரெண்டாவது பைய ஒரு தடவை மாட்டுங்க."

"பார்த்தாலே தெரியுதே அத்தை."

"எனக்குத் தெரியலை. மாட்டுங்க."

வெளியாள் முன்னால் மாமியாரை மறுக்க முடியவில்லை. இடது கையைத் தொங்கவிட்டபடி பட்டைக்குள் நுழைத்தார். எடை தோளில் இறங்கியதும் முகம் வெளுத்தது. வலது கையையும் மாட்டி நிமிர்ந்தார். மேலுதட்டில் வேர்வை.

"போதுமா?"

"இடது கையத் தலைக்கு மேல தூக்குங்க."

மார்பு வரை வந்து நின்றுவிட்டது.

"எத்தனை நாளாண்ணே?" என்றான் நெட்டை.

"அந்தத் தண்ணித் தொட்டி வேலையிலேர்ந்து."

"அதுக்கப்புறம் மூணு தடவை இறங்கினீங்க."

"இறங்கினேன்ல? ஒண்ணும் ஆகலையே."

"ரெண்டாவது தடவை உங்க கையப் பிடிச்சுத் தொங்கினது நான்."

மாப்பிள்ளை பையை இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். எத்தனை வருடத்துத் தூக்கமோ, கண்ணுக்குக் கீழே தொங்கியது.

"உங்க கைக்குத் தோதான பைய ஏன் குழுவுல இருக்கற ஏழு பேர் தோள்லயும் ஏத்தறீங்க?" என்று கேட்டேன்.

"இறங்கலைன்னா எனக்கு அங்க என்ன வேலை அத்தை?"

"மேல நின்னு கயிறு பிடிக்க ஆள் வேண்டாமா?"

"அது உக்கார்ந்து திங்கற வேலைன்னு எல்லார்கிட்டயும் சொன்னவனே நான்தான்."

"என்கிட்ட ஆறு வருஷமா சொன்னீங்க" என்றான் நெட்டை. மூவருமே கொஞ்சம் சிரித்தோம். சிரிப்பு நீளவில்லை.

அவர் தாளை எடுத்து இரண்டாவது பையின் எண்ணை எழுதினார். கையெழுத்துப் போட்டார். பிறகு அந்தப் பையை நெட்டையின் முதுகில் மாட்டி, பட்டைகளை அவன் உயரத்துக்கு ஒவ்வொன்றாக இழுத்துவிட்டார்.

"இறுக்குதா?"

"இடுப்புல கொஞ்சம்."

"இறங்கும்போது அவசரப்படாத. உனக்குக் கால் நீளம், புத்தி குட்டை."

"நீங்க மேலேர்ந்து பிடிச்சுக்குங்கண்ணே. நான் எங்க ஓடிடப் போறேன்?"

"அவர் பிடிக்கலாமான்னு நாளைக்கு எலும்பு டாக்டர் சொல்லட்டும்" என்றேன். "மாப்பிள்ளை, எட்டு மணிக்குத் தயாரா இருங்க. நானும் வரேன்."