மேற்கே உதித்த ஞாயிறு

அவள் தூத்துக்குடியிலிருந்து திரும்பிய செவ்வாய்க்கிழமை, என் மேசைமேல் ஒரு மக்ரூன் பொட்டலத்தை வைத்துவிட்டு, "சாப்பிடுங்க அண்ணாச்சி," என்றாள்.

அதுவரை நான் அவளுக்கு சார், பிறகும் சார்தான்; அண்ணாச்சி அந்த ஒருமுறை மட்டும். அண்ணாச்சி என்பது எங்கள் பக்கத்தில் ஓர் ஆணுக்கு நடுவயதில் வந்து சேரும் சொல். கடைத்தெருவில் நாலு பேர் அப்படி அழைத்தால் ஆள் தேறிவிட்டான் என்று பொருள். நான் இருபது வயதில் தூத்துக்குடியை விட்டு டெல்லிக்கு ரயிலேறியவன். ஊரில் என்னைத் தம்பி என்றார்கள், ஏலே என்றார்கள். அடுத்த சொல்லுக்கு வயது வருவதற்குள் வந்துவிட்டேன். ஐம்பத்து நான்காம் வயதில் முதன்முதலாக என்னை அப்படி அழைத்தவள், டெல்லி மோதி பாக்கின் அரசுக் குடியிருப்பில் பிறந்து, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு பெண். நான்கு நாள் என் ஊரில் தங்கிவிட்டு அந்தச் சொல்லைக் கொண்டுவந்திருந்தாள்.

ஓர் ஆங்கில நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இருவருக்கும் வேலை. அவள் செய்தியாளர், ஓராண்டு ஒப்பந்தத்தில் இருந்தாள். நான் டெஸ்க். மற்றவர்கள் எழுதிவருவதைத் திருத்தி, சுருக்கி, தலைப்பிட்டுப் பக்கத்துக்கு அனுப்புவது என் வேலை. இணைப்பில் பயணப் பக்கம் ஒன்று உண்டு. ஓர் ஊர், எங்கே சாப்பிடலாம், எந்த அருங்காட்சியகத்துக்குப் போகலாம், எந்தத் தெருக்களில் நடக்கலாம். ஒன்பது ஆண்டுகளாக அதைத் திருத்திவந்தேன். ஜனக்புரி வீட்டிலிருந்து மெட்ரோவில் அலுவலகம், அலுவலகத்திலிருந்து மெட்ரோவில் வீடு. பனாஜியில் நல்ல மீன் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பனாஜியைப் பார்த்ததில்லை. ஒருமுறை அந்தப் பக்கத்தை நானே எழுதுகிறேன் என்று கேட்டேன். "அப்புறம் டெஸ்க்கை யார் பார்க்கிறது?" என்றார் இணைப்பின் ஆசிரியர். அதைப் பாராட்டாகவே சொன்னார்.

அந்தக் கோடையில் துறைமுக நகரங்கள் என்று ஒரு வரிசை. கொச்சி, மங்களூர், கடைசியாகத் தூத்துக்குடி. மூன்றும் அவளுக்குத் தரப்பட்டன. நன்றாக வந்தால் பக்கம் அவளுடையது, வேலையும் நிரந்தரம். வராவிட்டால் மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடியும். இது எல்லோருக்கும் தெரியும். முதல் இரண்டும் நன்றாக வந்திருந்தன.

கேன்டீனில் டீயோடு உட்கார்ந்து ஊரைப் பற்றிச் சொன்னாள். எங்கள் தளத்தில் தமிழர்கள் நாங்கள் இருவர்தான், அதனால் குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை.

"சார், அந்த பரோட்டா கடை பையா இருக்காரே, கல்லுல தட்டுற சத்தத்தை வச்சே எத்தனை பரோட்டான்னு சொல்றாரு. நான் டெஸ்ட் பண்ணேன். சரியா சொன்னாரு."

"எந்தக் கடை?"

"பேரே இல்ல. பழைய துறைமுகத்துக்குப் போற ரோட்டுல, கிட்டங்கி பக்கத்துல. உங்களுக்குத் தெரியாதா?"

"நான் இருந்தப்ப அங்க கடை கிடையாது."

"அவங்க அப்பா காலத்துலேர்ந்து இருக்குதாம் சார்."

எங்கள் வீட்டில் யாரும் கடையில் சாப்பிட்டதில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் மட்டும் இட்லி வாங்கிவருவோம். அப்பா கப்பல் ஏஜென்ட் ஒருவரிடம் குமாஸ்தா. துறைமுகம் எங்களுக்கு அவர் வேலைக்குப் போகும் இடம், அங்கே வேடிக்கை பார்க்கப் போவது கிடையாது. இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை.

ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியின் இரண்டு அறைகளில் யாரோ சொந்த முயற்சியில் வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தாள். முத்துக் குளிப்பவர்கள் காலில் கட்டி இறங்கிய கல், சங்கு அளக்கும் பலகை, தோணிகளின் சாமான் பட்டியல்கள். கல்லைத் தூக்கிப் பார்க்க விட்டார்களாம். பிறகு விளமீன் குழம்பு, உப்பளத்தில் கண் கூசிய மதியம், மாதா கோயில் பக்கத்துத் தெருக்கள். என் தெருவின் பேரைச் சொன்னாள்.

"அங்க ஏன் போனே?"

"நீங்க சொல்லிருக்கீங்களே சார், அங்கதான் வீடு இருந்ததுன்னு. சும்மா பாத்துட்டு வந்தேன். இப்ப அங்க ஒரு ஜிம் இருக்கு."

நான் மக்ரூனைத் தின்றுகொண்டிருந்தேன். முந்திரியும் முட்டை வெள்ளையும் சரியான பதத்தில் இருந்தன. அவள் நல்ல கடையில்தான் வாங்கியிருந்தாள். அதுவும் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை கட்டுரை வந்தது. ஆயிரத்து இருநூறு சொற்கள். அதில் என் தெருவுக்கு ஒரே வாக்கியம்: பாதித் தெருவில் கருவாட்டு வாசம், மீதித் தெருவில் புது பெயின்ட் வாசம், நடுவில் இரண்டையும் தாங்கிக்கொண்டு ஒரு தையல்கடை. முப்பத்து நான்கு ஆண்டுகளில் நான் பலமுறை அந்தத் தெருவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். தையல்கடை எனக்குத் தோன்றியதே இல்லை. அது அப்போதும் அங்கேதான் இருந்தது. என் பள்ளிச் சட்டைகள் அங்கே தைத்தவை.

அந்த வாக்கியத்தை வெட்டினேன். இடமில்லை என்று காரணம் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஆறு வரி இடம் இருந்தது. பிறகு அதில் ஒரு கட்டண விவரப் பெட்டியைப் போட்டு நிரப்பினேன்.

கட்டுரையின் கடைசிப் பத்தி முயல் தீவில் முடிந்தது. மாலையில் கடலுக்கு அப்பால் சூரியன் இறங்குவதைப் பார்த்ததாக எழுதியிருந்தாள். படித்ததும் எனக்கு வந்தது மகிழ்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும். தூத்துக்குடி கிழக்குக் கரை. அங்கே கடலில் சூரியன் உதிக்கும், விழாது. கொச்சியிலும் மங்களூரிலும் கடலில் சூரியன் விழுவதைப் பார்த்துவிட்டு வந்தவள், அதே கையோடு இங்கேயும் விழவைத்துவிட்டாள் என்று முடிவு செய்தேன். நான்கு நாளில் ஊரைக் கரைத்துக் குடித்தவளுக்குத் திசை தெரியவில்லை.

டெஸ்க்கில் ஒரு விதி உண்டு. சந்தேகம் வந்தால் எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அவள் நாற்பதடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். நான் கேட்கவில்லை. அஸ்தமனத்தை உதயமாக்கி, மாலையைக் காலையாக்கி, அந்தப் பத்தியைக் கட்டுரையின் தொடக்கத்துக்கு நகர்த்தினேன். கட்டுரையோடு அவள் அனுப்பிய படம் என் திரையில் தபால்தலை அளவில் வந்தது, செம்மஞ்சளாக ஏதோ தெரிந்தது. அதன் கீழே, முயல் தீவில் சூரியோதயம் என்று எழுதி அனுப்பினேன். அன்று மெட்ரோவில் உட்கார இடம் கிடைக்கவில்லை. அது உறைக்கவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை காபியோடு பக்கத்தை விரித்தவள் என் மனைவி. கும்பகோணத்துக்காரி. கல்யாணமான புதிதில் தூத்துக்குடியில் மூன்று மாதமும், பிறகு விடுமுறைகளில் பத்துப் பத்து நாளும் இருந்தவள்.

"ஏங்க, இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது இந்தத் தீவுக்கு என்னைக் கூட்டிண்டு போனேளா?"

"அங்க என்ன இருக்கு?"

"நீங்க போயிருக்கேளா?"

நான் காபியை ஆற்றினேன். அவள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

"இது காலம்பறயா?"

"போட்டிருக்கே."

"உங்காத்து மொட்டை மாடில நான்தானே துணி உலர்த்துவேன். காலம்பற வெயில் கடல் பக்கத்துலேர்ந்து மூஞ்சில அடிக்கும். இதுல ஊர் இருக்கு, மாதா கோயில் கோபுரம் இருக்கு, அதுக்குப் பின்னால சூரியன் இருக்கு. ஊருக்குப் பின்னால சூரியன் போனா அது சாயங்காலம் இல்லையோ?"

பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். அரைப் பக்கப் படம். அவள் தீவில் நின்று, ஊரைப் பார்த்து எடுத்திருந்தாள். முன்னால் தண்ணீர், தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஊர், ஊருக்கு மேலே சூரியன். கடலில் நின்று பார்த்தால் எங்கள் ஊர் மேற்கே இருக்கிறது. நான் கரையில் நின்றே வளர்ந்தவன். என் ஊரைக் கடல் பக்கத்திலிருந்து ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, அப்படிப் பார்க்க முடியும் என்பதும் என் கணக்கில் இல்லை.

"உங்க ஊர்ல சூரியன் மேற்க உதிக்கறதுன்னு சொல்லவே இல்லையே நீங்க," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

பத்து மணிக்குள் வாசகர்களின் மின்னஞ்சல்கள் வந்தன. ஒருவர், மேற்கே உதிக்கும் சூரியனைப் பார்க்க டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். எல்லாக் கேலியும் கட்டுரைக்கு மேலே அச்சாகியிருந்த அவள் பெயருக்கு வந்தது. டெஸ்க்கின் பெயர் எங்கும் அச்சாவதில்லை. அவளிடமிருந்து எனக்கு ஒரே செய்தி: "சார், நான் sunset-ன்னுதானே எழுதினேன்." மேலே எதுவும் இல்லை. ஆசிரியருக்கும் அவள் எழுதவில்லை என்று மறுநாள்தான் தெரிந்தது.

திருத்தம் எழுதுவதும் என் வேலை. அதற்கு எங்களிடம் இரண்டு வடிவம் உண்டு. கட்டுரையில் தவறாகக் குறிப்பிடப்பட்டது, வருந்துகிறோம் என்பது ஒன்று. அதைப் படிக்கிறவர்கள் எழுதியவரின் தவறு என்று எடுத்துக்கொள்வார்கள். தொகுப்பில் நேர்ந்த பிழை என்று தொடங்குவது இன்னொன்று. அது டெஸ்க்கின் தவறு. ஞாயிற்றுக்கிழமை மதியம் முதலாவது வடிவத்தில் எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கட்டுரையில்தானே இருந்தது.

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு ஒப்பந்தக்காரர்களை அழைப்பதில்லை. அதனால் அவள் இல்லை. ஆசிரியர் பஞ்சாபிக்காரர், ஹிந்தியில்தான் கூட்டம் நடத்துவார். பக்கத்தை மேசைமேல் போட்டார்.

"கிழக்கு மேற்கு தெரியாத பெண்ணிடம் பயணப் பக்கத்தைக் கொடுத்தால், மக்களை எங்கே கொண்டுபோய் விடுவாள்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்ப முடியாதே. மாதக் கடைசியோடு முடித்துக்கொள்வோம்."

பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிற்று, ஒரு புத்தகக் கண்காட்சி. அதற்கடுத்து சாந்தினி சௌக்கில் திறந்திருக்கும் ஓர் உணவகம். ஜிலேபியைப் பற்றி இருவர் வாக்குவாதம் செய்தார்கள். அந்தப் பத்து நிமிடங்களில் நான் என்ன நினைத்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பக்கம் காலியாகிறது, மறுபடி கேட்கலாம் என்று நினைத்தேன். எந்த ஊரிலிருந்து தொடங்குவது என்பதுவரை யோசித்தேன்.

ஜிலேபி முடிவதற்குள், "அவள் அஸ்தமனம் என்றுதான் எழுதியிருந்தாள். நான்தான் மாற்றினேன்," என்றேன்.

ஆசிரியர் புரியாமல் பார்த்தார். "ஏன்?"

"தவறு என்று நினைத்தேன்."

"அவளைக் கேட்டாயா?"

"இல்லை."

"அரே பாயி, அது உன் ஊர்தானே?"

இப்போதும் எல்லோரும் சிரித்தார்கள், முன்னைவிடச் சற்று அதிகமாக. ஒன்பது ஆண்டுகளாக அந்த அறையில் தூத்துக்குடி பற்றிய எந்தக் கேள்விக்கும் என் பக்கமாகத்தான் திரும்புவார்கள். அன்றோடு அது நின்றது. ஆசிரியர் தாளில் ஏதோ அடித்து எழுதினார். "சரி, பெண்ணுக்கே பக்கம். திருத்தத்தை ஒழுங்காக எழுது," என்றார். நான் இரண்டாவது வடிவத்தில் எழுதினேன். செவ்வாய்க்கிழமை வந்தது, நான்கு வரி.

அவளிடம் நானே போய்ச் சொன்னேன். பக்கம் கிடைத்த செய்தியை முதலில் சொன்னேன், அது கொஞ்சம் தாங்கும் என்ற கணக்கு.

அவள் நாற்காலியைத் திருப்பவில்லை. "ஒரு ஃபோன் பண்ணிருக்கலாமே சார். ஃபோன்கூட வேணாம். இங்கேர்ந்து கூப்பிட்டாலே கேக்கும்."

"பண்ணிருக்கணும்."

"என்மேல கோபமா?"

"கோபம் இல்ல."

"ஃபிர் க்யா? பின்ன என்ன?"

என்ன என்று எனக்குத் தெரியும். கேட்டிருந்தால், தீவில் நின்று ஊரைப் பார்த்தேன் சார் என்று சொல்லியிருப்பாள். நான் அங்கே போனதே இல்லை என்பதை நானே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். அதைச் சொல்லத் தமிழிலும் ஹிந்தியிலும் வார்த்தை உண்டு. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்துவிட்டேன். பிறகு சில வாரங்கள் எங்களுக்குள் மின்னஞ்சலில்தான் பேச்சு, அதுவும் ஆங்கிலத்தில்.

ஆகஸ்டில் அவளை விசாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். புதன்கிழமையே அங்கிருந்து கட்டுரையை அனுப்பிவிட்டாள். இரண்டு முறை படித்தேன். திசைகள் சரி, விலைகள் சரி, கடைகளின் நேரம் சரி. மீன்பிடித் துறைமுகத்து ஏலத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதில் கைவைக்க எனக்கு ஒன்றும் இல்லை. கேட்பதற்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. இருந்தும் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க சார்," என்றாள். பின்னால் தட்டுகள் வைக்கும் சத்தம்.

"கட்டுரை வந்துச்சு. எல்லாம் சரியா இருக்கு."

"அச்சா. அப்ப எதுக்கு ஃபோன்?"

வாயில் வந்தது அதுதான்: "சாப்பிட்டாச்சா?"

"இப்பதான் இலை போட்டிருக்காங்க சார்," என்று ஆரம்பித்து, இலையில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னாள். இறால் வறுவலிலிருந்து தொடங்கினாள். நான் கேன்டீனின் ராஜ்மாவைத் தள்ளி வைத்துவிட்டு, கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.