வெறும் வயிற்றில் பேட்டரி

"சாப்பிட்ட உடனே பாத்தா எப்படிங்க? வெறும் வயித்துல பாருங்க."

போன மாதம் நாமக்கல்லில் ஒரு பேட்டரிக் கடையில் என் மனைவி சரஸ்வதி சொன்னது இது. யாரிடம்? முப்பது வருஷமாக லாரிக்கும் போர் போடுகிற ரிக் வண்டிக்கும் பேட்டரி மாட்டிக்கொண்டிருக்கும் பழனிசாமியிடம். எதைப் பற்றி? பேட்டரியைப் பற்றி!

பழனிசாமி கையில் மீட்டரோடு அப்படியே நின்றுவிட்டார். நான் ஓரமாக நகர்ந்து, சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. எப்போது நகர்ந்துகொள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

சரஸ்வதிக்குப் பதினாலு வருஷமாக சர்க்கரை. ஆறு வருஷமாக இன்சுலின். காலையில் எழுந்ததும் விரலைக் குத்தி, வந்த நம்பரை ஒரு நோட்டில் எழுதிவிட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பாள். கையிருப்பு இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். ஆனால் உறைந்துவிடக் கூடாது. உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். நாலு வருஷம் முன்னால் டூரிஸ்ட் பஸ்ஸில் காசிக்குப் போனோம். வழியில் ஒரு லாட்ஜில், ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லிக் கொடுத்தோம். அந்தப் புண்ணியவான் ரொம்பப் பத்திரமாக ஃப்ரீசரில் வைத்துவிட்டார். காலையில் எல்லாம் கட்டி. பயணத்தைப் பாதியில் விட்டு ரயில் ஏறித் திரும்பினோம்.

அன்றிலிருந்து வெளியூர் என்றால் "நீங்க போய்ட்டு வாங்க" என்பாள். கெங்கவல்லியில் அக்கா வீட்டு விசேஷத்துக்குக்கூட காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவாள்.

இத்தனைக்கும் அவளுக்குக் கடல் என்றால் அவ்வளவு ஆசை! நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் காட்டையும் மலையையும் பார்த்து வளர்ந்தவள். அறுபது வயதுக்குள் கடலைப் பார்த்தது இரண்டே முறை. டிவியில் புயல் செய்தி வந்தால், எல்லோரும் காற்றைப் பற்றிப் பேசும்போது இவள் மட்டும் அலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ரிட்டயர் ஆனதும் நான் ஒரு காரியம் செய்தேன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் சொல்லி, காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகிற மாதிரி ஒரு வீடு கட்டினேன். (சின்ன வீடு என்று எழுதினால் எங்கள் ஊர் ராசிபுரத்தில் தலை காட்ட முடியாது. டிரெய்லர் என்றே வைத்துக்கொள்வோம்.) ஒரு கட்டில், ஒரு கழிவறை, ஒரு அடுப்பு. எல்லாவற்றையும்விட முக்கியமாக, சரஸ்வதிக்கே சரஸ்வதிக்கென்று ஒரு குட்டி ஃபிரிட்ஜ். அதற்கு கரண்ட் கொடுக்க இரண்டு சீல்டு லெட் ஆசிட் பேட்டரி. அவற்றை சார்ஜ் பண்ண, கூரை மேல் ஒரு சோலார் பேனல்.

பேட்டரி மாட்டியவர் பழனிசாமிதான். மூடியைத் தட்டிக் காட்டினார்.

"தண்ணி ஊத்தற வேலையே கெடையாதுங்ணா. தொறக்கவே முடியாது. மெயின்டனன்ஸ் ஃப்ரீ. மாட்டுங்க, மறந்துருங்க."

மாட்டுவதை அவர் செய்துவிட்டார். மறப்பதை நான் சிரத்தையாகச் செய்தேன்.

அவ்வளவு ஆசையாகக் கட்டிய டிரெய்லர் வெயிலில் நிற்கிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் தகர ஷெட் போட்டு உள்ளே நிறுத்தினேன். மழை, மகளின் பிரசவம், அது இது என்று நாலு மாதம் ஓடிவிட்டது. அந்த நாலு மாதமும் சோலார் பேனல் நிழலில் சுகமாகப் படுத்திருந்தது. ஃபிரிட்ஜில் குளிர் எவ்வளவு என்று காட்டும் சின்ன விளக்கு மட்டும், யாருமில்லாத டிரெய்லருக்குள் எரிந்துகொண்டே இருந்தது. அதை அணைக்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? மறந்துவிடச் சொன்னாரே...

மாசியில் கிளம்பினோம். அதற்கு முந்தின நாள் இரண்டு பேட்டரியையும் பழனிசாமி கடையில் கொடுத்து முழுசாக சார்ஜ் ஏற்றினேன். அவர் சார்ஜரைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தார். பதிமூணு புள்ளி ஒண்ணு.

"கல்லு மாதிரி இருக்குதுங்ணா. கெளம்புங்க."

ராமேஸ்வரம் போகிற வழியில், கடலோரமாக ஒரு தென்னந்தோப்பில் கேட்டு நிறுத்தினோம். முதல் நாள் சாயங்காலம் சரஸ்வதி புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனைய நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். காபி வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டேன், காதிலேயே விழவில்லை.

மறுநாள் காலை ஃபிரிட்ஜ் சத்தம் நின்றிருந்தது. விளக்கு ஸ்விட்சைப் போட்டேன், எரியவில்லை. சரஸ்வதி ஃபிரிட்ஜுக்குள் கை விட்டு இன்சுலின் டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள்.

"வெதுவெதுன்னு இருக்குதுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். ராமநாதபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் புதிதாக இன்சுலின் வாங்கி, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துக்கொண்டு, நேராக ஊருக்கு வண்டியைத் திருப்பினோம். திண்டுக்கல் தாண்டித்தான் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, இனி என்னைய எங்கயும் கூப்புடாதீங்க. நான் ஊட்லயே இருந்துக்கறேன். நீங்களும் பாவம், எத்தனை தரந்தான் பாதில திரும்புவீங்க?"

திட்டியிருந்தால் பரவாயில்லை. இவள் என் மேல் பரிதாபப்படுகிறாள்! இவளைக் கடலுக்குக் கூட்டிப் போக நான் கட்டிய டிரெய்லர், கடைசியில் இவளை வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டது.

பேட்டரியைத் திருப்பிக் கொடுத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று பழனிசாமி கடைக்குப் போனேன். சரஸ்வதியும் வந்தாள். பழனிசாமி, "ஒரு நாள் சார்ஜ் போட்டுப் பாத்துரலாங்ணா" என்றார். அடுத்த நாள் எங்கள் கண் முன்னாலேயே சார்ஜரைக் கழற்றினார். மீட்டரை வைத்தார். மறுபடியும் அதே பதிமூணு புள்ளி ஒண்ணு.

"பாருங்ணா, பேட்டரில ஒரு கொறையும் இல்லீங்க."

அப்போதுதான் சரஸ்வதி முதல் வரியில் இருக்கிற அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"அக்கா, இது பேட்டரிங்க்கா," என்றார் பழனிசாமி, பாவமாக.

"ஆமாங்க. இப்பத்தான வயிறு முட்டத் தின்னுருக்குது? இப்பப் பாத்தா அது தின்னதைத்தான் காட்டும். எனக்கும் சாப்பிட்ட உடனே ஒரு நம்பர் வரும், காலைல வெறும் வயித்துல ஒரு நம்பர் வரும். ஒயரெல்லாம் கழட்டி வெச்சுட்டு நாளைக்குக் காலைல பாருங்க. நாங்க வாரோம்."

"உங்களுக்கு ஏறுனாக் கெட்டதுங்க்கா. இதுக்கு ஏறுனா நல்லதுங்க."

"ஏறுனா என்ன, எறங்குனா என்ன? நேரங்கெட்ட நேரத்துல பாத்தா ரெண்டும் பொய்தானுங்க."

மறுநாள் காலை போனோம். இரண்டையும் தனித்தனியாகக் கழற்றி வைத்திருந்தார். ஒன்று பன்னிரண்டரை காட்டியது. இன்னொன்று... பதினொன்று புள்ளி மூன்று! பழனிசாமி மீட்டரைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். அதே நம்பர்.

அதன் பிறகு அவர் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். இந்த ரக பேட்டரி நாள் கணக்கில் காலியாகக் கிடந்தால், உள்ளே இருக்கும் ஈயத் தகட்டில் உப்பு மாதிரி படிந்து இறுகிவிடுமாம். பிறகு எத்தனை சார்ஜ் ஏற்றினாலும் உள்ளே போகாது. மேலோட்டமாக ஒரு நம்பரைக் காட்டிவிட்டுச் சரிந்துவிடும். இரண்டைச் சேர்த்து மாட்டியிருந்தால், கெட்டது நல்லதையும் உறிஞ்சிவிடும்.

"இதை அன்னைக்கே பாத்துச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"லாரிக்கு இந்தத் தொந்தரவே வராதுங்ணா. ஸ்டார்ட் பண்ணத்தான் பேட்டரி. வண்டி ஓட ஓட டைனமோ ஏத்திப் போட்டுரும். அதுமில்லாம, பேட்டரியைக் கழட்டி வெச்சுட்டு நாளைக்கு வாங்கன்னா லாரிக்காரரு நிப்பாருங்களா? லோடு நிக்குதுங்களே. சார்ஜரைக் கழட்டுன கையோட பாத்துக் குடுத்தே பழகிப்போச்சுங்ணா. எம்மேல தப்புத்தான்."

தப்பு அவர் மேல் மட்டுமா? ஷெட் போட்டது யார்? விளக்கை அணைக்காதது யார்? நான் கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையையும் விழுங்கிவிட்டேன்.

இந்தத் தடவை லாரி ரகம் வேண்டாம் என்று முடிவானது. சோலாருக்கென்று வருகிற, மெதுவாக நாள் முழுக்கக் கொடுக்கிற ரகத்தில் இரண்டு மாட்டினார். இதுவும் சீல் போட்டதுதான். நான் ஷெட்டின் தகரத்தைப் பிரித்தேன். சரஸ்வதி ஒரு மீட்டர் வாங்கிக்கொண்டாள். முழுசாக இருந்தால் எவ்வளவு, பாதி என்றால் எவ்வளவு என்று பழனிசாமியிடம் கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினாள். பன்னிரண்டு புள்ளி இரண்டுக்குக் கீழே இறங்கவே விடக் கூடாது என்பதற்கு மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

இரண்டு வாரம் டிரெய்லர் வாசலில் வெயிலில் நின்றது. ஃபிரிட்ஜுக்குள் தண்ணீர் பாட்டில் மட்டும். தினமும் காலை, பேனல் மேல் வெயில் விழுவதற்கு முன், ஃபிரிட்ஜைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு மீட்டரை வைப்பாள். நோட்டில் இடது பக்கம் அவள் நம்பர், வலது பக்கம் பேட்டரி நம்பர். பதினாலு நாளும் ஒருநாள்கூட அந்தக் கோட்டைத் தொடவில்லை.

எனக்குத் தைரியம் வந்தது. "மறுபடி ஒருக்கா போய்ப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

நோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பேட்டரி சரிங்க. வண்டி ஓட்டறவரு?"

"எனக்கென்ன? நான் நல்லாத்தான இருக்கறேன்!"

"அந்தப் பேட்டரியும் பதிமூணு பதிமூணுன்னு அதைத்தானுங்க சொல்லிட்டு இருந்துச்சு. விரலை நீட்டுங்க."

சொன்னால் நம்ப மாட்டீர்கள். பதினாலு வருஷமாக ஒரே வீட்டில், தினமும் ஒரு விரல் குத்தப்படுவதைப் பார்த்துக்கொண்டே பேப்பர் படித்திருக்கிறேன். ஒருநாள்கூட என் விரலை நீட்டியதில்லை. நம் வீடுகளில் ஆண்கள் பாதிப் பேர் இப்படித்தான். 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று நெற்றியில் ஒட்டிக்கொண்டு, மூடியைத் திறக்கவே விடாமல் திரிகிறோம். வீட்டில் இருப்பவர்களும் எத்தனை நாளைக்குத்தான் நம்புவார்கள்?

குத்தினாள். வெறும் வயிற்றில் நூற்று எண்பத்தேழு.

போச்சு, பயணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவள் கோபப்படவில்லை. அன்றைக்கே ராசிபுரத்தில் டாக்டரிடம் கூட்டிப் போனாள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை ஆரம்பித்தார். இன்சுலின் இப்போதைக்கு வேண்டாம் என்றார். திரும்பி வரும்போது காரில் சரஸ்வதி சொன்னாள்: "நீங்க மட்டும் போய்ட்டு வாங்கன்னு இனிச் சொல்ல முடியாதுங்க. போனா ரெண்டு பேருஞ் சேந்துதான் போகோணும்."

போன வாரம் போனோம். அதே தென்னந்தோப்பு. முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள்... நாலாம் நாள் காலையிலும் ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. சரஸ்வதி முழங்கால் வரை நனைய நின்றாள். பேட்டரியைப் பற்றியோ இன்சுலினைப் பற்றியோ பேச்சே இல்லை. இந்தத் தடவை நான் காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கியது, எழுத வெட்கமில்லை.

நோட்டில் இப்போது மூன்று நம்பர். நேற்றுக் காலை பேட்டரி 12.5, சரஸ்வதி 124.

மூன்றாவதை மட்டும் கேட்காதீர்கள்... குறைந்துகொண்டுதான் இருக்கிறது!